புகை வராத கூரை

இப்போதெல்லாம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் ஒரு சின்னப் பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம் பெரியம்மா, அந்தக் காலத்துல லயத்துக் குளிருல என்ன பாடு பட்டீங்களோ" என்று உச்சுக் கொட்டுகிறாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வருகிறது.

என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். நாம் பாடு பட்டோம், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் என்னைப் பார்த்துக் குளிரில் வாடினவள் என்று எவரும் இரங்க வேண்டாம். அப்புத்தளைக்கு மேலே, பகலிலேயே மூடுபனி வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிற அந்தத் தேயிலை மலையில், ஒரு மழைக்காலம் முழுக்க நான் வெறும் கவுனோடு, போர்வை இல்லாமல் படுத்துத் தூங்கினவள். பங்களாவில் துரைகூட அந்த மாதங்களில் காலுறை போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். எங்கள் லயத்து ஒற்றையறைக் காம்பராவில் எங்களுக்கு வியர்த்தது. இதைச் சொன்னால் என் சொந்த மகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகிறாள்.

எங்களுடையது மேட்டு லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த காம்பராக்களில் இருந்து ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய், கடைசியில் நாங்கள் மட்டும்தான் மிஞ்சினோம். அந்தக் காலி லயங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். சுவரில் சாமிப் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஆணியில் பல்லுடைந்த சீப்பு தொங்கும். நான் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, அந்தந்த வீட்டு ஆட்களைப்போலப் பேசிப் பார்ப்பேன். மற்ற எல்லோரும் இருந்தது பள்ளத்து லயத்தில். அப்பாவின் அக்கா, என் அத்தை, அங்கேதான் இருந்தார். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கள் கூரை தெரியும். எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், நின்று குனிந்து பார்த்தால் அவர்களுடைய கூரையும் அதற்கப்பால் பெரட்டுக்களமும் தெரியும். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கங்காணியிடம் பேர் கொடுக்கிற அந்தக் களத்தை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்ப்பேன், பிடிக்காத இடங்கள்தானே மறப்பதில்லை.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை செத்தது. எனக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி. இரண்டு பல் முளைத்திருந்தது, அதை வைத்து என் விரலைக் கடிப்பாள்.

வீட்டுக்குள் மூலையில் மூன்று கல் வைத்த அடுப்பு. விறகென்று கிடைப்பது கவ்வாத்து மிளாறு. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்துவிடுகிறபோது விழுகிற குச்சிகள் அவை. மழையில் நனைந்து, வெட்டின அன்றே சுமந்து வந்து எரிப்பதால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். கதவைச் சாத்தினால் புகை. திறந்தால் குளிர். அம்மா எழுந்து கதவைச் சாத்துவாள், தங்கச்சி இருமுவாள். எழுந்து திறப்பாள், தங்கச்சி விறைத்துப் போவாள். அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ கரகரவென்று ஓடியது. நான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கு யோசித்தால், புகையும் குளிரும் மட்டும்தானா காரணம் என்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அன்று ஒரு லொறி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று தோன்றுகிறது. கிடைக்கவில்லை. அம்மா லொறியைப் பற்றிப் பேசவே இல்லை. குற்றவாளி யாரென்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த அடுப்புதான்.

அத்தையும் ஒரு முடிவு கட்டினார். பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெத்துட்டா ஆச்சா? காப்பாத்தத் தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதோடு அத்தையோடு பேச்சை விட்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இருவரும் ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் அம்மா அந்த இரும்புச் சாமானைக் கண்டாள்.

தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்போம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை, தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போடுவது. அந்த ஸ்டோருக்குப் பின்னால், செடிகொடி மண்டிய இடத்தில், பங்களாவின் பழைய வெந்நீர் பாய்லர் கிடந்தது. பங்களாவுக்கு மின்சாரத்தில் தண்ணீர் சுடவைக்கும் சாமான் வந்ததும் இதைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டார்கள்.

"என்னங்க, ஸ்டோருக்குப் பின்னால ஒரு இரும்பு அடுப்பு சும்மாதானே கெடக்குது" என்றாள் அம்மா.

"கெடந்தா?"

"நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க."

அப்பா சிரித்தார். "ஏன், மகாராணிக்கு பங்களாக் குளியல் கேக்குதோ?"

"எனக்குக் குளிக்க இல்ல. புள்ளைக்கு."

அப்பா சிரிப்பை நிறுத்தினார். ஆனாலும் அவருக்குப் பயம். துரைக்குப் பயந்ததைவிட ஊர் வாய்க்குத்தான் அதிகம் பயந்தார். 'மேட்டு லயத்துத் துரை' என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்று மாய்ந்தார். அம்மா விடவில்லை. சோறு போடும்போது சொன்னாள், தலை துவட்டும்போது சொன்னாள், சும்மா இருக்கும்போதும் சொன்னாள். கடைசியில் ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவிடம் அப்பா போய்க் கேட்டார். அவர், "எடுத்துட்டுப் போ, அந்தக் கட்டைப் பைப்புகளையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போ, எடமாவது சுத்தமாகும்" என்று சொன்னாராம். கேட்டது வாயால், கொடுத்ததும் வாயால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்து லயத்து ஆட்கள் அப்புத்தளைக் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, அப்பா அதைச் சாக்கில் கட்டி இழுத்து வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பின்னால் இருந்து தள்ளினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி அம்மா முன்னால் நடந்து கல்லைப் பொறுக்கிப் போட்டாள். மூடுபனியில் நாங்கள் மூன்று பேரும் ஏதோ திருடர்கள் மாதிரி ஏறினோம். அப்பா வழியெல்லாம், "யாரும் பாக்கலியே, யாரும் பாக்கலியே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்தப் பாய்லரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். உள்ளே நெருப்பு. முன்னால் கனத்த கதவு, அதில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை, ஓட்டையைத் திருகி மூடத் தகட்டு மூடி. மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். சூடான தண்ணீர் மேல் குழாய் வழியாகத் தானே கிளம்பி, சுவரோரமாகத் தரையை ஒட்டி அறையைச் சுற்றிவந்து, ஆறிப் போய்க் கீழ்க் குழாய் வழியாகத் திரும்பி வந்து சேரும். குழாய் வெடித்துவிடாமல் இருக்க மேலே ஒரு மூடாத தகரத் தொட்டி. அப்பா ஒழுகின இடங்களில் ஈயத்தை உருக்கி அடைத்தார். குழாயைச் சுற்றிச் செங்கல் அடுக்கி மண் பூசினார். புகைக் குழாயைப் பின்சுவரைத் துளைத்து மலைப் பக்கமாக வெளியே விட்டார்.

முதல் நாள் பற்றவைத்தபோது வீடு முழுக்கப் புகை. அம்மா வெளியே ஓடினாள், நான் இருமிக்கொண்டே ஓடினேன், அப்பா உள்ளேயே நின்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தார். காரணம் ஒன்றும் பெரிதில்லை, அதே ஈர மிளாறைத்தான் உள்ளே திணித்திருந்தார். ஸ்டோரில் ஈர விறகு போட்டால் திட்டு விழும் என்று காய்ந்ததையே பார்த்துப் பார்த்துப் போடுகிறவர், வீட்டில் இத்தனை வருடமாக ஈரத்தை எரித்திருக்கிறார். வீட்டில் திட்ட ஆளில்லை போலிருக்கிறது. அன்றைக்கு அம்மா திட்டினாள்.

பிறகு அப்பா பக்கத்துக் காலிக் காம்பராவில் விறகை அடுக்கினார். நிழல்மரக் கிளைகளைச் சிறிதாகப் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கி, மாதக்கணக்கில் காயவிட்டார்; மழை தொடங்கும்வரை பழைய அடுப்பில்தான் சமையல். இந்தியாவுக்குப் போன அந்தக் குடும்பத்தின் சாமிப் படம் இருந்த வெள்ளைச் சதுரம் வரை விறகு உயர்ந்தது. தட்டினால் டங் டங்கென்று சத்தம் வரும் விறகைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமானது. ஒரு கை விறகை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், ஓட்டை வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு போகும். நெருப்பு வெள்ளையாக எரியும். மாலையில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். இடையில் நெருப்பு தணிந்திருந்தாலும் தண்ணீர் சூட்டை விடாது. பழைய அடுப்பில் ஒரு நாளைக்கு எரித்த கட்டு இதில் நாலு நாளைக்கு வந்தது. அம்மா மூன்று கல் அடுப்பைப் பெயர்த்து வெளியே எறிந்துவிட்டு, பாய்லரின் மேல் தட்டிலேயே சோறும் ரொட்டியும் ஆக்கினாள்.

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தொட்டில் துணியைக் குழாய்க்கு மேலே கட்டியிருந்தார்கள். அவன் நனைத்த துணிகளை அம்மா அலசிச் செங்கல் மேல் விரிப்பாள், நான் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் காய்ந்த துணியின் வாசனை எப்படியென்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. அப்பாவின் நனைந்த கம்பளியில் இருந்து ஆட்டு வாடையோடு ஆவி கிளம்பும். குழாய்க்குள் தண்ணீர் தனக்குத் தானே ஏதோ பேசிக்கொண்டு போகும். அம்மா தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். பிறகு என்னையும் கேட்கச் சொல்வாள். "கரகரன்னு வருதா?" என்பாள். வரவில்லை என்பேன். "நல்லாக் கேளு" என்பாள்.

அந்த மழைக்காலம் கழியும் வரை அந்தச் சத்தம் வரக்கூடாது. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு எந்தக் கவலையும் கிடையாது.

யாரும் எங்களைப் பார்க்க வரவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டுக் கழியாமல் யார் வாசற்படி மிதிப்பார்கள்? பள்ளிக்கூடமும் லீவு. அப்பாவோ வாயைத் திறக்காதவர், பாய்லரைப் பற்றி மூச்சு விடவில்லை. மூடுபனி எங்களையும் பள்ளத்து லயத்தையும் நடுவில் சுவர் வைத்தாற்போலப் பிரித்திருந்தது.

ஒரு காலையில் பனி விலகியது.

பெரட்டுக்களத்தில் நின்ற ஆட்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். பள்ளத்து லயத்துத் தகர இடுக்குகளில் எல்லாம் புகை கிளம்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் கூரையில் ஒன்றுமில்லை. நம் ஆட்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். எந்த வீட்டில் அடுப்பு எரியாது? சாவு விழுந்த வீட்டில்தான். பிணம் எடுக்கும்வரை உலை வைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டில் ஆக்கித்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதிலும் இது போன வருடம் ஒரு பிள்ளை போன வீடு, இப்போது பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. வேறென்ன யோசிப்பார்கள்?

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒப்பாரிச் சத்தம் மேலே ஏறி வந்தது. பார்த்தால் அத்தை. தலை அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, சகதியில் விழுந்து எழுந்து வருகிறார். பின்னால் நாலைந்து பெண்கள், ஒருத்தி கையில் மூடி வைத்த சோற்றுச் சட்டி.

"யாரு செத்தது அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணு, ஒனக்கு அதுகூடத் தெரியலியே" என்று ஓங்கி அழுதார். யாரோ நமக்கு வேண்டியவர்கள் போய்விட்டார்கள் என்று நானும் அழ ஆரம்பித்தேன். அழுகையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. சத்தம் கேட்டு அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளும் திகைத்துப்போய், அத்தையைக் கேட்காமல் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஏப்பம் விட்டான்.

அத்தையை அன்றைக்கு நான் வெறுத்தேன். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தவள் என்று வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். பேச்சில்லாத வீட்டுக்கு, தீட்டையும் பார்க்காமல், செருப்பில்லாமல் முதல் ஆளாக மலையேறி ஓடி வந்தவர் அவர்தான் என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் உறைத்தது.

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அப்ப ஏன் அடுப்பு எரியல?" என்று சோற்றுச் சட்டிக்காரி கேட்டாள். அம்மா கதவைத் திறந்து விட்டாள். இடுப்பில் கட்டின நனைந்த சாக்குப் படங்கும் கம்பளியுமாக உள்ளே நுழைந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி குனிந்து செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி சுவரோரம் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லார் மேலும் ஆவி கிளம்பியது.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, பாய்லரைச் சுற்றி வந்தார். "நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க புகையில்லாம நெருப்பு எரியுதே" என்றார். அம்மா அத்தைக்கும் சேர்த்துத்தான் தேத்தண்ணி ஊற்றினாள். ஆனால் கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள்.

அதற்குள் அப்பா வந்தார். ஸ்டோருக்கு ஆள் போய், "ஒங்க புள்ள போயிருச்சாம்" என்று சொல்லியிருக்கிறான். விடியற்காலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. கரி பூசின முகத்தில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், தம்பி முழித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. நான் அப்பா அழுததைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதோடு முடிந்திருந்தால் ஊரே ஒரு மாதம் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் கங்காணி கெட்டிக்காரர் ஆயிற்றே. மழை திரும்ப வருவதற்குள் காரியத்தை முடித்துவிட்டால் மத்தியானக் கொழுந்துக்கு ஆட்களை இறக்கிவிடலாம் என்று, மேட்டுக்கு ஏறி ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு ஆட்களை மண்வெட்டியோடு மயானத்துக்கு அனுப்பிவிட்டார். சின்னப் பிள்ளைக்குத் தேவையான குழிதானே. நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் வெட்டி முடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி வாருங்கள் என்று சொல்ல மேலே வந்தார்கள். தங்கச்சியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டினார்களாம். அதை ஒரு உபகாரம் மாதிரி சொன்னார்கள்.

குழி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்குள் இருந்த சூடு போய்விட்டது. உங்களுக்குத் தெரியும், வெட்டின குழியைச் சும்மா விடக்கூடாது. விட்டால் அது காத்திருக்கும். யாரையாவது வாங்கிக்கொள்ளும். சின்னக் குழி சின்னப் பிள்ளையைத்தான் கேட்கும். முதுகைச் சாய்த்துச் சுகமாக உட்கார்ந்திருந்தவளுக்குப் பள்ளத்து லயத்தில் மூன்று குழந்தைகள். அவள் விருட்டென்று எழுந்து வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள். அவர்கள் பயந்ததைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன். ஒரு மூச்சுக்கு முன்னால் எங்கள் சூட்டில் கையைக் காட்டினவர்கள்தானே.

"எங்கிட்ட ஒரு கோழி இருக்கு. போட்டு மூடிருவோம்" என்றார் அத்தை.

கங்காணி அப்போதுதான் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். தான் அவசரப்பட்டது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? "கோழியெல்லாம் பத்தாது. இந்த வீட்டுப் பேருல வெட்டின குழி. இந்த வீட்டுச் சாமான்தான் போகணும்" என்றவர், கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இதனாலதானே இவ்வளவும். அடுப்புன்னா பொகையணும். பொகையாத அடுப்பு சாவைத்தான் கூப்பிடும். தூக்கிட்டுப் போய் உள்ள போட்டு மூடுங்கடா. தோட்டத்து இரும்பை வீட்டுல வச்சிருக்கிறதப் பத்தி நான் தொரைகிட்டப் பேசாம விட்டுர்றேன்."

"டீமேக்கர் ஐயா குடுத்தது" என்றார் அப்பா. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"சீட்டு இருக்கா?"

அப்பா தலை குனிந்தார். குழி வெட்டின இருவரும் உள்ளே வந்து பாய்லரின் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்கள். நல்ல சூடு. ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். வெளியே மறுபடி பனி இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் பாதிகூடக் கழியவில்லை. பாய்லர் போனால் மறுபடி மூன்று கல்லும் ஈர மிளாறும்தான். நான் தம்பியின் நெஞ்சைப் பார்த்தேன். அதில் அந்தச் சத்தம் வந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அம்மா தம்பியை மார்போடு சேர்த்துச் சேலையால் கட்டினாள். அப்பாவின் கம்பளியை எடுத்து இருவருக்குமாகப் போர்த்தினாள். வாசலுக்கு வந்து கங்காணியின் முன்னால் நின்றாள்.

"குழி வெட்டச் சொன்னது யாரு?"

"நாந்தான். நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அப்ப நீங்க எறங்குங்க."

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா யாருக்காகவும் நிற்கவில்லை. இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். "எங்க போற? எங்க போறேன்னு கேக்குறேன்ல?" என்று அப்பா பின்னாலேயே ஓடினார். அம்மா, "மயானத்துக்கு" என்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

நம் பெண்கள் மயானத்துக்குப் போக மாட்டார்கள். பெற்ற பிள்ளையைப் புதைக்கும்போதுகூட வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும். தீட்டுக் கழியாத பச்சை உடம்புக்காரி அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. அம்மா போன வருடம் அந்த வாசலில் நிறுத்தப்பட்டவள். தங்கச்சியை வைத்த இடத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஆண்கள் வழிமறிப்பார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் கிட்டே போகத் துணிவில்லை. தேயிலை மலைக்குக் கீழே, ஓடைக்கரையில், சிலுவையும் சூலமுமாக நட்டிருந்த அந்தச் சரிவு வரை ஊரே அவள் பின்னால் நடந்தது. நானும் போனேன். என்னைத் தடுக்க யாருக்கும் நினைவில்லை.

குழி என் இடுப்பளவுதான் இருக்கும். அடியில் தண்ணீர் கசிந்திருந்தது. பக்கத்தில் சின்ன மண்மேடு, மழையில் கரைந்து பாதியாகி, மேலே ஒரு கல். அம்மா முதலில் அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, தம்பியோடு குழிக்குள் இறங்கிவிட்டாள்.

அத்தை, "அய்யோ, வேணாம்டி" என்றார்.

அம்மா சகதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கம்பளிக்குள் தம்பியை எடுத்து மாரில் வைத்தாள். அவன் பாட்டுக்குக் குடித்தான். இன்றைக்கு அவன் பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான், தொந்தியும் தொப்பையுமாக. குழிக்குள் பால் குடித்த பயல் என்று நான் சொன்னால் கடையில் ஆட்கள் இருக்கும்போது பேசாதே என்று கோபப்படுவான். அன்றைக்கு எல்லோரும் மழையில் நின்று அவன் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் உதடு நடுங்கியது. குளிரிலா, பயத்திலா, கோபத்திலா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பயந்துதான் இருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். பயந்துகொண்டேதான் இறங்கியிருக்கிறாள்.

பால் குடித்து முடித்ததும் அவள் மண்ணைப் பார்த்துப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"வந்துட்டோம், பாத்துக்கிட்டியா? போன வருசம் ஒண்ணு வாங்கிக்கிட்ட. நான் வாசல்லயே நின்னேன், ஒண்ணும் கேக்கல. ஒனக்கு அது போதும். இது எனக்கு."

பிறகு தம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். அப்பா குனிந்தார். ஆனால் அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"மதினி, புள்ளையப் புடிங்க" என்றாள்.

அத்தை மண்டி போட்டு அவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை, மழையில் எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது. அம்மா யார் கையையும் பிடிக்காமல் விளிம்பில் முழங்காலை ஊன்றி ஏறி வந்தாள். சேலையில் சகதியைத் தட்டினாள். மண்வெட்டிக்காரர்களைப் பார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் நின்ற கங்காணியையும் பார்த்தாள்.

"மூடுங்க. எனக்கு வீட்டுல அடுப்பு எரியுது."